தாழ்ப்பாள் போடாத வீடு

ஜெசிந்தாவிடம் முதல்முறை ஆலோசனைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். எங்கே ஆரம்பிப்பது, எந்த இடத்தில் அழுவது என்பது வரைக்கும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு என்ன சாப்பிட்டிய?" என்று கேட்பாள். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வருகிறது, வீட்டில் எந்த மூலையில் உட்காரப் பிடிக்கிறது, வெறுங்காலோடு மணலில் நடந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று பேச்சு அடுத்து எங்கெங்கோ போகும். செத்தவர் பெயரும் விட்டுவிட்டுப் போனவர் பெயரும் வாய்க்கு வருவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். வயிற்றைத் தனியாக, மனசைத் தனியாக, வீட்டைத் தனியாகக் கழற்றி வைத்துக்கொண்டு மனுஷனுக்கு வைத்தியம் பார்க்க முடியாது என்பது அவள் கட்சி. கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வதுண்டு. ஜெசிந்தாவிடம் போனால் துக்கம் தீருகிறதோ இல்லையோ, அஜீரணம் தீர்ந்துவிடும் என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். காத்திருப்பவர்களின் கூட்டம் அவள் அறை வாசலில்தான் எப்போதும் அதிகம் என்பதால் அந்தச் சிரிப்பில் அவளுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

அவள் வேலை பார்த்த ஆறுதல் இல்லம் செம்மணல்விளைக்கு மேற்கே, தேரிக்காட்டின் ஓரத்தில் இருந்தது. தேரி என்றால் சிவப்பு மணல் மேடுகள். ஆடிக் காற்று வீசினால் நேற்று ஒரு இடத்தில் இருந்த மேடு இன்று அங்கே இருக்காது. காலையில் ஜன்னலைத் திறந்தால் அறைக்குள் எல்லாம் லேசாகச் சிவந்துவிடும். வெள்ளைச் சுவரும், தண்ணீர்க் கூஜாவும், வந்து உட்கார்ந்திருப்பவர் முகமும் ஒரே நிறத்தில் மிதக்கும். அங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை. பேசினாலும் மணல் சத்தத்தைக் குடித்துவிடும். இரண்டு தூக்கத்துக்கு நடுவே விழித்துப் பார்க்கும்போது தெரிகிற உலகம் போல இருக்கிறது என்று வந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

அப்படி ஒரு சிவந்த காலையில்தான் ஆறுமுகநயினாரை அவருடைய மகள் கூட்டிக்கொண்டு வந்தாள். தூத்துக்குடியில் அப்பா காலத்திலிருந்து முந்திரியும் முட்டையும் சேர்த்து மக்ரூன் போட்டு விற்கிற கடைக்காரர். மனைவி சங்கரவடிவு இறந்து அரை வருஷம் ஆகிறது. அப்பா அழவே இல்லை, கடையையும் திறக்கவில்லை, சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருக்கிறார் என்று மகள் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். ஜெசிந்தா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். ஞாபகம் இல்லை என்றார் அவர்.

கடையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் பேசினார். ஒவ்வொரு ஈடு வெந்து வெளியே வரும்போதும் முதல் மக்ரூனை எடுத்துச் சங்கரவடிவிடம் கொடுப்பாராம். அவள் வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால்தான் மிச்சத் தட்டு கடைக்குள் போகும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவள் போன பிறகு ஒருநாள் அடுப்பைப் பற்றவைத்தார். தட்டு வந்தது. முதல் மக்ரூனைக் கையில் எடுத்தார். கொடுக்க ஆள் இல்லாமல் அப்படியே நின்றார். தட்டு ஆறிப்போனதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர்தான்.

ஜெசிந்தா மேஜை இழுப்பறையிலிருந்து துணியால் ஆன இரண்டு பட்டைகளை எடுத்தாள்.

"அண்ணாச்சி, இதுல ஒண்ணு ஒங்க மணிக்கட்டுல, ஒண்ணு எங் கையில. ஒங்க நெஞ்சுல இருக்கத ஒரு மணி நேரம் நான் வாங்கி வச்சிக்கிடுவேன்."

"வாங்கின்னா?"

"ஒங்களுக்கு எங்ஙன அடைக்கோ எனக்கும் அங்ஙன அடைக்கும். அந்த நேரம் நீங்க வெறுங்கையா இருப்பிய. நடக்கலாம், பேசலாம், என்னத்தையாவது வாயில போட்டுப் பாக்கலாம். நேரம் முடிஞ்சதும் ஒங்களது ஒங்களுக்கே வந்திரும்."

"திரும்பத் தந்திருவியள்லா?" என்று கேட்டார் ஆறுமுகநயினார். கேட்டபோது அவர் முகத்தில் பயம் இருந்தது.

"தந்திருவேன். அது ஒங்களுதுல்லா."

"அப்பம் சரி" என்று கையை நீட்டினார்.

ஜெசிந்தாவுக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று. மற்றவர்கள் எல்லாம் அதை நீங்களே வைத்துக்கொள்ளக் கூடாதா என்றுதான் கெஞ்சுவார்கள்.

இதற்கு ஏந்தல் என்று பெயர். நாட்டில் இந்த முறை வந்து பத்துப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டதால் யாரும் இப்போது அதை ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை. ஆறுமுகநயினாரின் துக்கம் அவளுக்குள் இறங்கி, வலது விலா எலும்புக்குக் கீழே போய் உட்கார்ந்தது. சூடான தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் நிற்பது மாதிரி இருந்தது. அவர் எழுந்து மணலில் நடந்துவிட்டு வந்தார். மேஜையில் இருந்த வாழைப்பழத்தில் பாதியைத் தின்றுவிட்டு, "இனிக்கி" என்றார்.

திருப்பிக் கொடுத்தாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும். குழம்பை ஊற்றின பிறகு சட்டியில் நிற்கிற மாதிரி. அதை மிச்சம் என்பார்கள். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் ஆலோசகர்கள் எல்லாரும் முப்பிடாதியின் அறைக்குப் போய்ப் படுத்து, அந்த மிச்சத்தை இயந்திரத்தில் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். அலசல் என்று அதற்குப் பெயர். இஞ்சினியரிங் படித்த பெண் முப்பிடாதி. இயந்திரம் அவள் பொறுப்பு. அலசாமல் ஒருத்தரையும் வாசலைத் தாண்ட விடமாட்டாள்.

ஜெசிந்தாவின் வீடு ஊரின் கடைசித் தெருவில், கடல் காற்று வந்து திரும்புகிற இடத்தில் இருந்தது. தனியாகத்தான் இருந்தாள். கணவர் அல்போன்ஸ் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். நான்கு வருஷத்துக்கு முன்னால் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. சவப்பெட்டிக்கு அளவு சொன்னது ஜெசிந்தாதான். கல்லறையில் முதல் பிடி மண்ணைப் போட்டதும் அவள்தான். இதெல்லாம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

ஆனால் வீட்டுக்குள் நுழைந்தால் வீடு காலியாக இருக்காது. பேய் பிசாசுக் கதை சொல்லவரவில்லை. பக்கத்து அறையில் ஒருவர் இருக்கும்போது வீட்டுக்கு ஒரு கனம் இருக்குமே, அந்தக் கனம் இருக்கும். இல்லையென்றால் அவர் தெருமுனையில் வந்துகொண்டிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று இருக்கும். அல்போன்ஸ் தெரு திரும்பும்போதே விசிலடித்துக்கொண்டுதான் வருவார். அந்த விசிலுக்கு முன்னால் வருகிற ஒரு நிமிஷம் மாதிரியே அவளுடைய சாயங்காலம் முழுக்க நீளும். அவள் கதவுக்குத் தாழ் போடமாட்டாள். இரண்டு பேருக்குச் சோறு வைப்பாள். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றிக் காலையில் குடிப்பாள். கேட்டால் பழக்கம் என்பாள்.

துக்கம் முழுசாக ஆறினால் இப்படித்தான் இருக்கும் என்று அவள் நம்பினாள். புதிதாகச் சேருகிற ஆலோசகர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது தன் கதையையே உதாரணமாகச் சொல்வாள். முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளே வேலைக்கு வந்தேன், அன்று சாயங்காலமே எனக்குப் பசித்தது, நடையும் மூச்சும் நேரத்துக்குச் சாப்பாடும் செய்கிற வேலை அது என்பாள். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்தால் மட்டும் தொண்டையில் ஏதோ ஒன்று இறுக்கும். வேலை இல்லாத சோர்வு என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். திங்கட்கிழமை எப்போது வரும் என்று இருக்கும். லீவே போடாதவள் என்று இல்லத்தில் அவளுக்கு நல்ல பெயர்.

ஒரே ஒரு ஆள் இதில் சேரவில்லை. அல்போன்ஸின் அம்மா. போன கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றி, செவ்வந்திப் பூவைப் பரப்பி முடித்ததும் கிழவி கல்லறை மேல் விழுந்து அழுதாள். ஜெசிந்தா முதுகைத் தடவிக் கொடுத்து, மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள் மாமி என்றாள். கிழவி தலையைத் தூக்கி மருமகளின் தெளிந்த முகத்தைப் பார்த்தாள்.

"எம் பிள்ளைக்கு அழ நான் ஒருத்திதானா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு தெரு தள்ளி இருக்கிற கிழவி இந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஜெசிந்தாவுக்கு அது வலித்தது. அந்த வலியும் மறுநாள் சாயங்காலம் அலசலில் போய்விட்டது.

அந்த வருஷம் ஆடிக் காற்று கொஞ்சம் அதிகப்படியாகவே ஆடியது. ஒருநாள் மத்தியானத்துக்கு மேல் தேரி எழுந்து நின்றுகொண்டது. வானமும் தரையும் ஒரே சிவப்பாகி, இல்லத்தின் கதவிடுக்குகளில் எல்லாம் மணல் ஒழுகியது. இயந்திரத்துக்குள்ளும் மணல் போய்விட்டது. முப்பிடாதி அதை நிறுத்திவிட்டு எல்லாரையும் பார்த்து, வெந்நீரில் குளியுங்கள், வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள், காலையில் முதல் வேலையாக வந்து படுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். ஜெசிந்தா கடைசியாக ஏந்தியது ஆறுமுகநயினாரைத்தான். விலாவுக்குக் கீழே அவருடைய சூட்டுத்தட்டு கொஞ்சம் மிச்சம் இருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைத் தள்ளினாள்.

வீடு காலியாக இருந்தது.

செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றாள். அறை அறையாகப் போய்ப் பார்த்தாள். என்னத்தைத் தேடுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நாற்காலி நாற்காலியாக இருந்தது. ஆணியில் தொங்கிய அல்போன்ஸின் ஹெல்மெட் தூசி படிந்து, எடுத்து மாட்ட ஆள் இல்லாத ஹெல்மெட்டாக இருந்தது. அண்ணாச்சியின் மிச்சம் இது, காலையில் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் அவள் சும்மா ஆளா? எத்தனையோ பேருடைய துக்கம் எந்த எந்த இடத்தில் உட்காரும் என்று சொந்த உடம்பில் படித்தவள். அண்ணாச்சியுடையது விலாவுக்குக் கீழே. இது தொண்டையில் இருந்தது. அதைவிடக் காதில் இருந்தது. இரண்டு காதும் தெருப்பக்கம் திரும்பி, எட்டி எட்டி, ஒன்றும் கிடைக்காமல் வலித்தன. அவளிடம் வந்தவர்களில் ஒருவருக்கும் துக்கம் காதில் இருந்ததில்லை.

காலையில் போய் அவள் படுக்கவில்லை. முப்பிடாதி இயந்திரத்தைப் பிரித்துப் போட்டு மணலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா பக்கத்தில் போய் நின்றாள்.

"முப்பிடாதி, எது என்னுது, எது வந்தவங்களுதுன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

"இதுக்கு என்னத்தக்கா தெரியும்? நீங்க சேர்ந்த அன்னைக்கு ஒங்கள ஒரு பதிவு எடுத்தோம்லா, மூலப்பதிவு. டெய்லி சாயங்காலம் அதோட ஒத்துப் பாக்கும். அதுல இல்லாதது எல்லாம் வெளியாளுதுன்னு எடுத்துரும்."

"அதுக்கப்புறம் எனக்குன்னு ஏதாவது வந்திருந்தா?"

"அதுக்குத்தான் அப்பப்ப புதுசா எடுக்கணும்ங்கது. கொஞ்ச நாளு வேலைக்கு வராம, அலசாம, உள்ளது உள்ளபடி வந்து படுக்கணும். நீங்கதான் லீவே போட மாட்டியள."

சொல்லி முடித்த பிறகுதான் முப்பிடாதிக்கு உறைத்தது. துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

ஜெசிந்தாவுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் வந்தது. அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டவர் அல்போன்ஸ்தான். பதிவு முடிய நேரமாகும், நீங்கள் போங்கள் என்றதற்குப் போகாமல், வெளியே உடைமரத்து நிழலில் நின்றுகொண்டு விசிலடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கையில் பட்டையோடு படுத்திருந்த அவளுக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். அந்த உடம்பைத்தான் இயந்திரம் ஜெசிந்தா என்று எழுதிவைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த சாவை அது வெளியாள் சாவு என்று நினைத்து, ஒவ்வொரு சாயங்காலமும் கழுவி ஊற்றியிருக்கிறது.

"எனக்கு அவரு செத்தது தெரியும். எம் உடம்புக்குத் தெரியாது" என்றாள் ஜெசிந்தா. "தெரிஞ்சுக்கிடப் பாத்திருக்கு, பாவம். நாமதான் விடல."

முப்பிடாதி அழுதுவிட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெரியாமல் நடந்தது நடந்துவிட்டது, இப்படியே இருக்கட்டும் அக்கா என்று மன்றாட ஆரம்பித்தாள். நான்கு வருஷத்தையும் சேர்த்து ஒரேயடியாகத் தாங்க முடியாது என்றாள். இல்லத்தின் தலைவரும் கூப்பிட்டு அதையேதான் சொன்னார். அதோடு, உங்களைப் பார்க்க ஜனங்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மரியாதையாக எச்சரிக்கையும் செய்தார்.

அவர்கள் சொல்லாவிட்டாலும் ஜெசிந்தா அன்று அலசலுக்குப் போய்ப் படுத்திருப்பாள். முந்தின சாயங்காலத்தை நினைத்தால் அவளுக்குப் பயமாக இருந்தது. படுத்து எழுந்து வீட்டுக்குப் போனாள். வீடு நிறைந்திருந்தது. தெருமுனையில் அவர் வந்துகொண்டிருந்தார். தாழ் போடாத கதவைப் பார்த்துக்கொண்டு, உண்மை தெரிந்தபிறகும், வெட்கமில்லாமல் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாள். பதிவை மாற்றினால் இதுதான் போகும். ஒருமுறை செத்த மனுஷன் மறுபடி சாவார், இந்தத் தடவை அவளே சம்மதித்து. அதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிப் போட்டாள்.

இதற்குள் ஆறுமுகநயினார் நன்றாகத் தேறிவந்தார். இரண்டு வேளை சாப்பிட்டார். மகளோடு சண்டை போட்டார். ஆனால் ஒருநாள் வந்து, பட்டையைக் கட்டவிடாமல் கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"யம்மா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கப்பிடாது. இதக் கட்டின ஒடனே யாரோ விசிலடிச்சிக்கிட்டு வார மாதிரி இருக்கு."

"காதுல கேக்கா?" என்றாள் ஜெசிந்தா.

"காதுல இல்ல, உடம்புல. யாரோ வந்துக்கிட்டு இருக்காவ, இந்தா வந்திருவாவன்னு இருக்கு. நல்லாத்தான் இருக்கு, இல்லைங்கல. ஆனா வீட்டுக்குப் போயும் விடமாட்டேங்கு. கதவுக்குத் தாழ் போட மறந்திருதேன். எம் மவ ஏசுதா. மொதல்ல சங்கரவடிவுன்னுதான் நெனச்சேன். அவளுக்கு விசிலடிக்கத் தெரியாதே."

எப்படி விசில் என்று கேட்டாள். அவர் உதட்டைக் குவித்து ஊதிப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. விரலால் மேஜையில் தட்டிக் காட்டினார். இரண்டு நீளம், ஒரு குட்டை, அப்புறம் ஏறிப்போகிற ஒன்று. தெரு திரும்பும்போது அல்போன்ஸ் அடிப்பது அதுதான்.

ஏந்தல் ஒருவழிப் பாதை என்றுதான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டால் ஒரு கைக்கு மட்டுமா சூடு தெரியும்? ஜெசிந்தாவுக்கு அறை வாசலில் இருந்த கூட்டம் ஞாபகம் வந்தது. விதவைகள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், விட்டுவிட்டுப் போனவனுக்காக வாசலைப் பார்த்தே வருஷங்களைக் கழித்தவர்கள். என்ன சாப்பிட்டாய் என்ற கேள்விக்காகவா அவர்கள் வந்தார்கள்? அல்போன்ஸ் வந்துகொண்டிருக்கிற அந்த ஒரு நிமிஷத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆலோசகரைத்தான் அலசுவார்கள், வந்தவரை அலசுவதில்லை. இந்தக் கரையில் எத்தனை வீட்டுக் கதவு இப்போது தாழில்லாமல் கிடக்கிறதோ தெரியவில்லை.

அவள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆலோசகர் தன் கதையைச் சொல்லக் கூடாது என்பது விதி. அன்று விதி ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆறுமுகநயினார் ஜன்னல் வழியாக மணலைப் பார்த்தார்.

"அப்பம் அவருகிட்ட யாரும் சொல்லலையா?" என்று கேட்டார்.

"என்னத்த அண்ணாச்சி?"

"அவரு செத்துட்டாருன்னு. பாவம், வந்துக்கிட்டே இருக்காரே மனுசன். நாலு வருசமா தெருமுனையிலயே நிக்காரு. வீட்டுக்குள்ளயும் வர முடியல, போகவும் முடியல."

ஜெசிந்தா இரண்டு பட்டைகளையும் மடித்து இழுப்பறைக்குள் வைத்தாள். அன்று அலசலுக்குப் போகவில்லை. முப்பிடாதி வாசல் வரை பின்னாலேயே வந்தாள். அழைத்தால் எந்த நேரமும் வருவேன் என்று சொன்னாள். புதுப் பதிவு எடுக்கத் திரும்ப வரும்போது நான் பழைய ஆளாக இருக்கமாட்டேன், வாசலில் கூட்டம் இருக்காது, அதற்குத் தயாராக இருந்துகொள் என்றாள் ஜெசிந்தா. முப்பிடாதி தலையாட்டிவிட்டு, வழக்கமாக மறிக்கிற வாசலை விட்டு விலகி நின்றாள்.

முதல் நாள் வீடு நிறைந்தே இருந்தது; காற்றடித்த அன்று போல அவள் துக்கத்தைக் கிளப்பிவிட அண்ணாச்சியின் மிச்சம் இந்தத் தடவை உள்ளே இல்லை. பிறகு கடல் வாங்குகிற மாதிரி மெல்ல மெல்ல வாங்கியது. முதலில் அடுப்பங்கரை காலியாயிற்று. அப்புறம் படுக்கிற அறை. பிறகு கூடம். தெருமுனை மட்டும் கடைசி வரைக்கும் தாக்குப்பிடித்தது. அவள் மற்றவர்களுக்குச் சொல்கிற வைத்தியம் எல்லாவற்றையும் தனக்குச் செய்து பார்த்தாள். வெறுங்காலோடு நடந்தாள், இடது பக்கம் திரும்பிப் படுத்தாள், மூச்சை இழுத்து விட்டாள். ஒன்றும் பலிக்கவில்லை. இதைத்தானா இத்தனை பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று ஒரு தடவை தனியாகச் சிரித்தும் பார்த்தாள். தொண்டையில் ஏறி நின்றது இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே சிவப்பு வெளிச்சம் வந்து வந்து போனது. பகல் எது, தூக்கம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத நாட்களாக அவை இருந்தன.

ஒரு சாயங்காலம் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். தெரு திரும்புகிற இடத்தில் விசில் கேட்டது. இரண்டு நீளம், ஒரு குட்டை, அப்புறம் ஏறிப்போகிற ஒன்று.

அவள் உடம்பு பாதி எழுந்தது. பிறகு அதுவாகவே உட்கார்ந்தது.

கையில் அட்டைப்பெட்டியோடு வந்துகொண்டிருந்தார் ஆறுமுகநயினார். அவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, ஊதி ஊதிப் பழக்கமாகிவிட்டது என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். இல்லத்தில் வழி கேட்டுக்கொண்டு வந்தாராம். கடையைத் திறந்துவிட்டாராம். முதல் ஈடு இன்றைக்குத்தான் எடுத்தாராம். முதல் மக்ரூனை நானே வாயில் போட்டுப் பார்த்தேன், தலையை ஆட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை என்றார். பெட்டியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு அவரும் படியில் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு என்ன சாப்பிட்டிய?" என்று கேட்டார்.

அத்தனை வருஷமாக அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"ஒரு ஆளுக்குச் சோறு வச்சேன் அண்ணாச்சி" என்றாள் ஜெசிந்தா. "அளவு தெரியல. குழைஞ்சிருச்சு."

தொண்டையில் இருந்தது உடைந்துகொண்டு வெளியே வந்தது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி, வாயைப் பொத்தாமல், மூச்சை ஒழுங்கு செய்யாமல், செத்த வீட்டில் அழுகிற மாதிரியே அழுதாள். ஆறுமுகநயினார் முதுகைத் தடவவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணிலும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை.

அவர் கிளம்பிப் போன பிறகு ஜெசிந்தா எழுந்து முகத்தைக்கூடக் கழுவாமல், மக்ரூன் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். நான்கு வருஷமாக அசையாத தாழ்ப்பாள் துருப்பிடித்து அடம்பிடித்தது. இரண்டு கையாலும் தள்ளிப் போட்டுவிட்டு, பூட்டையும் போட்டுவிட்டு நடந்தாள்.

இரண்டு தெரு தள்ளி இருந்த கதவைத் தட்டினாள். மாமி வந்து திறந்தாள். மருமகளின் வீங்கிய கண்ணையும், ஈரம் காயாத முகத்தையும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். நகர்ந்து வழிவிட்டாள்.